கரை வந்ததும் ஒரு சொல்

1

சும்மா கொடுக்கிற பொருளுக்கும் நிபந்தனை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரியவந்தது.

விசயம் இதுதான். ஓய்வு நேரத்தில் நான் ஒரு சின்ன மென்பொருள் எழுதினேன். இணையத்தளம் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துத் தங்கள் தளத்தில் செருகிவிடலாம். பிளகின் என்பார்கள், நான் செருகி என்கிறேன். அது வானிலைக் கணக்கை எடுத்து எங்கள் ஆட்களின் பேச்சில் சொல்லும். "தென்மேற்குத் திசை, மணிக்கு இத்தனை கிலோமீற்றர்" என்று நீட்டி முழக்காது. "சோளகம், பின்னேரம் பலக்கும்" என்று சொல்லும். வடக்கால் வந்தால் வாடை, மேற்கால் வந்தால் கச்சான், கிழக்கால் வந்தால் கொண்டல். கடலோரம் பிறந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

யாரும் எடுத்துப் பாவிக்கட்டும் என்று, கட்டற்ற மென்பொருட்களைத் தொகுத்து வைக்கும் ஒரு தளத்துக்கு அதை அனுப்பினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. உங்கள் ஆக்கத்தோடு உரிம நிபந்தனைகள் இல்லை, அவற்றை எழுதி இணைத்தால்தான் சேர்த்துக்கொள்ள முடியும் என்றது.

அடேயப்பா! இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் பத்திரம் நிரப்பியிருக்கிறேன். தங்குவதற்கு, வேலைக்கு, வீட்டுக்கு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்கு, மனைவியைப் பிரிவதற்கு. ஒரு பொருளை இந்தா பிடி என்று நீட்டுவதற்கும் பத்திரம் வேண்டும் என்றால் மனிசன் என்ன செய்வான்? கோபத்தில் ஒரு கிழமை அந்தப் பக்கமே போகவில்லை.

நான் இருப்பது நோர்வேயின் வடக்கே, கடலோரத்தில் ஒரு சிறிய பட்டினம். வந்த புதிதில் மீன் தொழிற்சாலையில் நின்று கொட் மீன் வெட்டினேன். மன்னார்த் தீவில் தாழ்வுபாட்டில் பிறந்த ஒருவனை நாடு கடந்து கூட்டிக்கொண்டுபோய் மறுபடியும் மீன் நாற்றத்துக்குள்ளேயே நிறுத்திய ஆண்டவரின் பகிடியை அன்றைக்கு என்னால் ரசிக்க முடியவில்லை. என் பெயர் அருள்தாஸ். முதல் நாள் எல்லோரிடமும் கை கொடுத்து "நான் தாஸ்" என்றேன். மேசை முழுக்கச் சிரிப்பு. இவர்களின் பேச்சில் அது கக்கூசுக்குச் சொல்லும் சொல் என்று பிறகுதான் ஒருவர் காதுக்குள் சொன்னார். அன்று தொடக்கம் இவர்கள் வாயில் நான் ஆருல். இப்போது நகரசபைக் கந்தோரில் கணினிப் பகுதியில் வேலை, அங்கேயும் ஆருல்தான்.

வீட்டில் எனக்குக் குட்டியன் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட உலகத்தில் இப்போது மிச்சமிருப்பது இரண்டு பேர். ஒன்று, தாழ்வுபாட்டில் இருக்கும் என் மூத்த அக்கா ஸ்டெலா. மற்றது அவர் கணவர் மரியான் அத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, குழம்பை இறக்கி வைத்துவிட்டு அக்கா போன் எடுப்பார். எனக்கு இங்கே விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். "குட்டியா, என்ன சாப்பிட்டனி?" என்று தொடங்கும் அந்த ஒரு மணித்தியாலம்தான் என் கிழமை. மிச்ச நாட்கள் அதற்குப் போய்ச் சேரும் வழி.

2

செருகி எழுதியதே அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் பிறந்த யோசனைதான். அத்தான் சின்னப் படகு வைத்துத் தொழில் செய்பவர். கடலுக்குப் போவதைத் தொழிலுக்குப் போவது என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். கடல் என்ற சொல்லே வராது. ஒரு நாள் அவர் இடையில் புகுந்து, "நீ கொம்பியூட்டரில தானே இருக்கிறாய், இந்தக் காத்து விசயத்தைத் தமிழில ஒழுங்காச் சொல்லுற மாதிரி ஒண்டு செய்யேலாதோ? போனில வாறது ஒண்டும் எங்களுக்கு விளங்குதில்லை" என்றார்.

எனக்கு அந்தக் கேள்வி பெரிய மரியாதை. இத்தனை வருடமாக ஊரிலிருந்து ஒருவரும் என்னிடம் அறிவு கேட்டதில்லை. பின்னேரங்களில் இருந்து எழுதினேன். தனி வீட்டில் இருப்பவனுக்குப் பின்னேரத்தில் என்ன குறை?

தாழ்வுபாட்டு மீனவர் சங்கத்துக்கு ஒரு இணையத்தளம் இருந்தது. திருவிழாப் படங்களும் பழைய கூட்டங்களின் படங்களும்தான் அதில். சங்கச் செயலாளர் செருகியை அதில் ஒரு பெட்டியாகப் போட்டுவிட்டார். இரண்டாம் நாள் அத்தான் எடுத்தார். சிரிப்பா கோபமா என்று தெரியாத குரல்.

"டேய், உன்ர பெட்டி விடியக் காலமை ஆக்களைப் பிடிச்சுக் கேக்கக் கூடாத கேள்வியெல்லாம் கேக்குதாம்."

"என்ன கேள்வி அத்தான்?"

"திறந்த உடன 'எங்கே போகிறீர்கள்?' எண்டு கேக்குது. ரெண்டு பேர் அதோட போனை மூடிப்போட்டு வீட்டை திரும்பி வந்திட்டினம்."

எனக்கு முகம் சிவந்து போயிற்று. எந்தக் கடற்பகுதி என்று தெரிவு செய்வதற்காக நான்தான் அப்படி எழுதியிருந்தேன். தொழிலுக்கு இறங்குகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது; கேட்டால் அன்றைக்குப் போகமாட்டான். இது தாழ்வுபாட்டில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. எங்கேயோ நழுவி விழுந்துவிட்டது. அந்த வரியை எடுத்துவிட்டு "எந்தப் பக்கம்?" என்று மாற்றினேன். அத்தான் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். "நோர்வேக்காரனாப் போனாயடா" என்றார். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். ஆனாலும் அன்றைக்கு முழுக்க மனம் சரியில்லை.

3

நிபந்தனை விசயத்துக்கு வருகிறேன். கோபம் ஆறியதும் மகளுக்கு எடுத்தேன்.

மெலனி ஒஸ்லோவில் தாயோடு இருந்து சட்டம் படிக்கிறாள். தமிழ் விளங்கும், பதில் நோர்வேஜிய மொழியில்தான் வரும். சின்னவளாக இருந்தபோது என் மடியில் இருந்து தமிழ் எழுத்துப் பழகியவள், எந்த வகுப்பில் அதை விட்டாள் என்று எனக்கு ஞாபகமில்லை. மாதத்தில் ஒரு தரம் பேசுவோம். நலமா, நலம், குளிரா, குளிர். அவ்வளவில் முடிந்துவிடும். இந்த முறை நான் "ஒரு உரிமம் எழுத வேண்டும், எனக்குத் தெரியவில்லை" என்றதும் அவள் குரலே மாறிவிட்டது. அவ்வளவு நேரம் என்னோடு அவள் பேசி வருடங்கள் இருக்கும். இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. அதனால் விளங்கியதையும் விளங்காத மாதிரித் திரும்பக் கேட்டேன்.

அவள் சொன்னதன் சாரம் இது. நான் ஒன்றும் எழுதாமல் விட்டால் அது இலவசம் ஆகாது. சட்டப்படி யாருமே தொடக்கூடாத பொருள் ஆகும். ஆகவே மூன்று விசயம் எழுத வேண்டும். செய்தவன் யார். எடுப்பவர்கள் அதை என்னென்ன செய்யலாம். மூன்றாவது, அதைப் பாவித்து எது நடந்தாலும் செய்தவன் பொறுப்பில்லை.

முதல் இரண்டும் சரி, மூன்றாவதை விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"அப்பா, அதுதான் முக்கியம். மற்ற இரண்டையும் விட்டாலும் அதை விடக்கூடாது."

"அவர்கள் என் ஆட்கள், பிள்ளை. உன் மாமாதான் முதல் ஆள் பாவிக்கிறார். அவரைப் பார்த்து நான் எப்படி அப்படி எழுதுவது?"

"உங்கள் செருகி காற்று இல்லை என்று சொல்லி, அதை நம்பி ஒருவர் போய்த் திரும்பி வராவிட்டால்?"

 அவள் சட்டம் படிக்கிற பிள்ளை, கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்விக்கு எங்கள் கரையில் வேறு பதில் இருக்கிறது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

எங்கள் கரையில் விடியக் காலையில் ஆட்கள் கூடி நிற்பார்கள். போகலாமா விடலாமா என்ற யோசனை. எல்லோரும் வானத்தையும் தண்ணீரையும் பார்ப்பார்கள், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ஏனென்றால் "இண்டைக்கு நல்லம்" என்று யார் முதலில் சொல்கிறாரோ அவருடைய படகுதான் முதலில் தண்ணீரில் இறங்க வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. சொன்னவன் முன்னே போவான், மற்றவர்கள் பின்னே போவார்கள். என் அப்பா அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் கை படகின் முன்முனையில், அணியத்தில் இருக்கும். அவர் பேச்சுக்கு அதுதான் பிணை.

நானோ சூடான அறையில் கோப்பியோடு இருந்து "இன்று நல்லம்" என்று சொல்லும் ஒரு பெட்டியைச் செய்து அனுப்பியிருக்கிறேன். படகும் இல்லை, போனவர்கள் திரும்பி வருகிறார்களா என்று நின்று பார்க்கக் கரையும் இல்லை. இப்போது மேலதிகமாக, பொறுப்பும் இல்லை என்று எழுதித் தர வேண்டுமாம்.

4

ஆனாலும் எழுதினேன். மகள் நோர்வேஜிய மொழியில் எழுதி அனுப்பியதை வைத்துத் தமிழில் பெயர்த்தேன். எங்கள் ஆட்கள் வாசிக்க வேண்டியது தமிழில்தானே இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பொறுப்பு என்ற பகுதியை எழுதும்போது கை வரவில்லை. அதனால் நல்ல இறுக்கமான கந்தோர்த் தமிழில் எழுதினேன். பேச்சுத் தமிழில் சொல்லக் கூசுவதை அந்தத் தமிழில் சொல்லிவிடலாம். "இதனால் ஏற்படக்கூடிய எவ்வித இழப்புக்கும் பாதிப்புக்கும் கீழ்க்காணும் நான் எவ்விதத்திலும் பொறுப்பாளியல்லன் என்பதை இத்தால் சகலருக்கும் அறியத் தருகிறேன்." எழுதி முடித்து வாசித்தபோது வேறு யாரோ எழுதியது போல இருந்தது. அந்த நிம்மதியில் அனுப்பிவிட்டேன்.

தளக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சங்கச் செயலாளருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அவர் என் படம் ஒன்று கேட்டார், கொடுத்தேன். அத்தோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எடுக்கவில்லை.

ஊரில் மின்சாரம் நின்றிருக்கும் என்று இருந்தேன். பின்னேரம் நானே எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. திங்களும் எடுத்தேன். அதற்கடுத்த ஞாயிறு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி இருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டியது. ஒரு குறுஞ்செய்தி போட்டேன். வாசித்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. அப்போதுதான் விளங்கியது. போன் பழுது இல்லை, மின்சாரம் பிழை இல்லை. அக்கா வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். என்ன சொன்னேன், எதில் குறை வைத்தேன் என்று ஒன்றும் பிடிபடவில்லை. அந்தக் கிழமைகளில் நான் கந்தோரில் வேலை சம்பந்தமாகப் பேசியதைத் தவிர வாய் திறந்தது கடைக்காரியிடம் மட்டும்தான். பை வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். ஒரு நாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது "குட்டியா" என்று நானே என்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன். வெட்கக்கேடு. சொல்லக்கூடாதுதான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

5

இந்த நிலைமையில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. குடலிறக்கத்துக்கு ஒரு சின்னச் சத்திரசிகிச்சை. நெடுநாளாகக் காத்திருந்த முறை. தவறவிட்டால் மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். காலையில் போய்ப் படுத்து மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள். மகளுக்குப் பரீட்சைக் காலம், சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து, மயக்கம் தெளிந்து, ஆரஞ்சுச் சாறு குடித்துக்கொண்டிருந்தபோது தாதி வந்தாள். தங்கமான பிள்ளை.

"நாளைக் காலை வரைக்கும் உங்களோடு வயதுவந்த ஒருவர் இருக்க வேண்டும். யார் இருப்பார்கள்?"

இல்லை என்றால் விடமாட்டார்கள். இன்னும் ஒரு நாள் அந்தக் கட்டிலில் கிடக்க எனக்கு விருப்பம் இல்லை.

"அக்கா இருக்கிறார்" என்றேன்.

"பெயர்?"

"ஸ்டெலா."

"எங்கே இருக்கிறார்?"

"தீவில்."

இந்தப் பட்டினத்துக்கு எதிரே நாலைந்து தீவுகள் இருக்கின்றன. அவள் தலையை ஆட்டினாள். "அப்போ படகுச் சேவையில் வருவாராக்கும். பின்னேரப் படகு தாமதமாகும் என்று அறிவித்திருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள். நான் ஓம் என்றேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டேன்.

டாக்சியில் வந்து, படியில் கைபிடித்து ஏறி, வீட்டுக் கதவைத் திறந்து கதிரையில் இருந்தேன். வெயில் நன்றாக எறித்துக்கொண்டிருந்தது. வீடு நான் விட்டுப் போனபடியே இருந்தது, காலையில் கழுவாமல் போன கோப்பை உட்பட. அந்தக் கோப்பையைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. மருந்தின் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். அக்காவின் போனுக்கு எடுக்காமல் அத்தானின் போனுக்கு வீடியோவில் எடுத்தேன்.

அவர் உடனே எடுத்தார். பின்னால் வலை குவிந்து கிடந்தது.

"அத்தான், அக்கா எங்கை?"

"இஞ்சதான் நிக்கிறா. உன்னோட கதைக்கமாட்டாவாம்."

"ஏன்? நான் என்ன செய்தனான்?"

"சங்கத்துச் சுவரில ஒட்டிக் கிடக்கிறதை நீதானே எழுதினனி?"

"என்னத்தை ஒட்டினவை?"

பதிலை அக்காதான் சொன்னார். போனைப் பறித்தெடுத்த வேகத்தில் முதலில் கூரை தெரிந்தது, பிறகு அவர் முகம்.

"என்னத்தையோ? உன்ர படம் பெரிசா. அதுக்குக் கீழ அப்பான்ர பேர். அதுக்குக் கீழ எதுக்கும் நான் பொறுப்பில்லை, சகலருக்கும் அறியத் தாறன் எண்டு. முழு ஊரும் வாசிச்சுப்போட்டுது. பூசைக்குப் போனா கேக்கினம், கடைக்குப் போனா கேக்கினம். தம்பி உங்களை வேண்டாமெண்டு அறிவிச்சிட்டாராமே எண்டு. என்ன சொல்லச் சொல்லுறாய்? முப்பது வருசமாத் தூரத்தில இருக்கிறாய், ஒரு நாளாவது நான் உன்னைப் பொறுப்பெடு எண்டு கேட்டனானே? கேட்டனானேடா?"

எனக்கு அப்போதுதான் வெளித்தது. எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் ஒரு மூலையில் படத்தோடு அறிவித்தல் வரும். இவருக்கும் எமக்கும் இனி எவ்விதத் தொடர்பும் இல்லை, இவரது காரியங்களுக்கு நாம் பொறுப்பல்ல, இத்தால் சகலருக்கும் அறியத் தருகிறோம் என்று. குடும்பத்தில் ஒருவரைத் தள்ளிவைப்பதற்கு எழுதுவது. சங்கச் செயலாளர் பாவம், ஊர்ப் பிள்ளை ஒன்று சாதித்திருக்கிறது என்ற சந்தோசத்தில், "எமதூர் மைந்தன், அமரர் சூசைப்பிள்ளையின் புதல்வன்" என்று தானே மேலே எழுதி, படத்தையும் போட்டு, என் நிபந்தனைகளையும் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். நான் தெரிந்தெடுத்த கந்தோர்த் தமிழ் அப்படியே அந்த அறிவித்தலின் தமிழ். வழக்கமாக மற்றவனின் படத்தைப் போட்டுத் தள்ளிவைப்பார்கள். நான் என் படத்தையே போட்டுக் குடும்பத்தை விட்டுப் போய்விட்டேன் என்று தாழ்வுபாடு முடிவு கட்டியிருக்கிறது.

சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்ததும் தையல் இழுத்தது. "ஐயோ அம்மா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கிவிட்டேன்.

"என்னடா? என்ன செய்யுது உனக்கு?"

"ஒண்டுமில்லை அக்கா. காலமை வயித்தில ஒரு சின்ன ஒப்பரேசன். சிரிச்சா நோகுது."

"ஒப்பரேசனோ! ஆர் உன்னோட நிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை."

"தனியவோ விட்டவை?"

"ஆர் இருக்கினம் எண்டு கேட்டவை. உங்கட பேரைச் சொல்லிப்போட்டு வந்திட்டன்."

"என்ர பேரையோ?"

"ஓம். ஸ்டெலா, அக்கா, தீவில இருக்கிறா எண்டு."

 அக்காவின் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. ஒரு காகம் கத்தியது. முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"எவ்வளவு நேரத்துக்காம் ஆள் நிக்க வேணும்?"

"நாளைக்குக் காலமை மட்டும்."

"அப்ப போனை வெட்டாதை" என்றார். "பேர் குடுத்திட்டாயெல்லே, நான்தானே பொறுப்பு. அந்த வயரைக் கொண்டுவந்து செருகி வை, சார்ஜ் போயிடும். இஞ்சேருங்கோ, உங்கட போன் இண்டைக்கு உங்களுக்கு இல்லை" என்று அத்தானிடமும் சொன்னார்.

போனைக் குசினியில் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தார். மீன் வெட்டினார், தேங்காய் துருவினார், நடுநடுவே "குட்டியா, இருக்கிறியோ?" என்று கேட்டார். "இருக்கிறன்" என்றேன். சங்கத்துக் கடதாசி என்னவென்று விளக்கினேன். விளங்கியது என்றார், ஆனாலும் திட்டுவதை நிறுத்தவில்லை. இடையில் தன் போனில் ஒஸ்லோவுக்கு என் மகளுக்கும் எடுத்துத் தனக்குத் தெரிந்த தமிழையும் அவளுக்குத் தெரிந்த தமிழையும் கூட்டி அவளையும் திட்டியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் நான் கண் விழித்தபோது திரையில் தாழ்வுபாட்டு வீட்டின் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது. அப்படியே கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

6

சுவரில் இருந்ததை அத்தான் போய்க் கிழித்துக்கொண்டு வந்தார். புதிதாக ஒன்று எழுத வேண்டும்.

"பொறுப்பில்லை எண்டு சொல்லாமலும் விடேலாது அத்தான். மகள் விடமாட்டாள். எப்பிடிச் சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லன். நீ கரையில இல்லை. அதைச் சொல்லு, சனத்துக்கு விளங்கும்."

அப்படித்தான் எழுதினேன், கந்தோர்த் தமிழ் இல்லாமல்:

"இதைச் செய்தது அருள்தாஸ். யாரும் எடுக்கலாம், பாவிக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். யாரிடமும் கேட்கத் தேவையில்லை. இது காற்றைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொல்லும், பிழையாகவும் சொல்லும். இன்று நல்லம் என்று சொல்கிறவன் முதலில் இறங்க வேண்டும் என்பது எங்கள் கரையின் வழக்கம். இதைச் செய்தவன் உங்களோடு இறங்கமாட்டான். அவன் தூரத்தில் இருக்கிறான். ஆகவே இதை நம்பி இறங்க வேண்டாம். கரையில் நின்று கடலைப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு, நீங்களே முடிவெடுங்கள்."

அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஓம், இது நீ எழுதின மாதிரிக் கிடக்கு" என்றார். பிறகு, "கடைசியில ஒண்டு சேர். போனவை வந்திட்டினமோ இல்லையோ எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? கரை வந்ததும் உனக்கு ஒரு சொல் சொல்ல வேணும் எண்டு எழுது" என்றார்.

எழுதினேன். அதை நோர்வேஜிய மொழியில் பெயர்த்து மகளுக்கு அனுப்பினேன். அவள் உடனே போன் எடுத்தாள். முதலில் சத்திரசிகிச்சையைச் சொல்லாததற்கு ஒரு பாட்டம் திட்டு. பிறகு சட்டம். கட்டற்ற மென்பொருளில் அப்படிக் கட்டாயம் போட முடியாதாம். அது நிபந்தனையாக இருக்கக் கூடாது, வேண்டுகோளாக இருக்கலாமாம். வழக்கமான சட்ட வாசகத்தையும் கீழே சின்ன எழுத்தில் கட்டாயம் போட வேண்டுமாம்.

"சரி" என்றேன்.

"அப்பா," என்றாள், இந்த முறை தமிழில். "அந்த 'தூரத்தில் இருக்கிறான்' என்ற இடம். அதை எடுக்க வேண்டாம்."

வேண்டுகோள் என்று மாற்றி, என் போன் இலக்கத்தையும் சேர்த்து அனுப்பினேன். யார் செய்யப்போகிறார்கள் என்று நினைத்தேன். இங்கே பத்திரங்களின் அடியில் உள்ள சின்ன எழுத்தை ஒருவரும் வாசிப்பதில்லை. ஆனால் சுவரில் ஒட்டினால் தாழ்வுபாட்டார் கடைசி வரி வரை வாசிப்பார்கள் என்பதை நான் மறந்துவிட்டேன். முதல் நாள் அத்தானிடமிருந்து வந்தது: "வந்திட்டம்." பிறகு எனக்குத் தெரியாத இலக்கங்களிலிருந்தும் வரத் தொடங்கின. பெயர் இல்லை, ஊர் இல்லை, அந்த ஒரு சொல்தான். ஒரு நாள் ஒருவர் மட்டும் அரிப்பு என்று தன் ஊர்ப் பெயரையும் போட்டு, "அஸ்ஸலாமு அலைக்கும், நாங்களும் வந்திட்டம்" என்று எழுதியிருந்தார். காற்றுப் பலத்த நாட்களில் ஒன்றும் வராது. போகவில்லை என்று தெரிந்தாலும் அன்றைக்குக் கந்தோரில் போனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.

வெட்டு ஆறி மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், பின்னேரம் பஸ்ஸில் வந்து படியேறிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அக்கா எழுதியிருந்தார்.

"எல்லாரும் வந்திட்டினம். நீ வந்திட்டியோ?"

கதவைத் திறந்தேன். உள்ளே காலையில் விட்டுப் போனபடியே எல்லாம். நான் வீடு வந்து சேர்ந்தேனா என்று மனைவி பிரிந்த நாளிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை. சப்பாத்தைக் கழற்றாமல், வெளிச்சத்தைப் போடாமல், வாசலில் நின்றபடியே எழுதினேன்.

"வந்திட்டன்."